மாட்டுப்பட்டியில் கற்ற தொழிலுக்குச் சான்றிதழ்: என்.வி.கியூ. யாருக்குப் பயன்படுகிறது?

பொகவந்தலாவை மகன்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 49. 28 ஆண்டுகளாகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நாங்கள் இருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு)ப் பின்னால் உள்ள பட்டியில் பிரீசியன் கலப்பு மாடுகள் மூன்றை வளர்க்கிறார். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு)ப் போகுமுன் ஒரு முறையும், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபின் ஒரு முறையும் பால் கறந்து சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார். எங்கள் டிவிசனில் எவருடைய மாடு கன்று போடச் சிரமப்பட்டாலும், நள்ளிரவானாலும், அம்மாவைத்தான் வந்து கூப்பிடுவார்கள்.

சென்ற மாதம் தடுப்பூசி போட வந்த கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர், அம்மா மாட்டைக் கையாள்வதைப் பார்த்துவிட்டு, ‘முன் கற்றலை அங்கீகரித்தல்’ என்ற வழியில் கால்நடை வளர்ப்புக்கான என்.வி.கியூ. (இலங்கையின் தேசிய தொழிற்றகைமை) சான்றிதழுக்கு விண்ணப்பிக்குமாறு சொன்னார். வகுப்புக்குப் போகத் தேவையில்லையாம். இது உண்மைதானா? இதற்காக எத்தனை நாள் பேர் (நாட்சம்பளம்) இழக்க நேரிடும்? 49 வயதில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? கடைசிக் கேள்வியை அம்மாவே கேட்கச் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். மாட்டுக்கு ஊசி போட்ட நாள், கன்று போட்ட நாள் எல்லாம் கடையில் கொடுக்கும் முருகன் நாட்காட்டியில் கோடு, வட்டம், புள்ளி என்று அவருக்கு மட்டுமே விளங்கும் குறிகளாகத்தான் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், ஹட்டன்:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு ஐயமின்றி ‘ஆம்’ என்று சொல்லலாம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில் இந்தத் தகைமை முறை நடக்கிறது. மட்டங்கள் ஏழு. முதலாவது அடிப்படைத் திறன்களுக்கு உரியது. 2 முதல் 4 வரை சான்றிதழ்கள். 5உம் 6உம் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டம். மூன்றாம் மட்டத்தைப் பெற்றவர் ஓரளவு மேற்பார்வையின்கீழ் வேலை செய்பவர் என்றும், நான்காம் மட்டத்தைப் பெற்றவர் தனித்து நின்று செய்யக்கூடியவர் என்றும் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். அயலார் நள்ளிரவில் கதவைத் தட்டி அழைக்கும் ஒருவர் இவற்றுள் எங்கே நிற்பார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஒவ்வொரு தொழிலுக்கும் தேர்ச்சி நியமம் என்ற ஆவணம் ஒன்று உண்டு. அது தொழிலை அலகு அலகாகப் பிரித்து, ஒவ்வோர் அலகிலும் செய்ய வேண்டியது என்ன, செம்மையாகச் செய்ததை எதை வைத்துத் தீர்மானிப்பது, அதற்குப் பின்னால் தெரிந்திருக்க வேண்டியது என்ன என்று எழுதி வைத்திருக்கும். பால் கறப்பதை எடுத்துக்கொண்டால், கை கழுவுதல், மடியைக் கழுவித் துடைத்தல், முதல் சில பீச்சல்களைத் தனிப் பாத்திரத்தில் பிடித்துத் திரிந்திருக்கிறதா என்று பார்த்தல், மடியில் மிச்சமில்லாமல் கறத்தல், வடிகட்டித் தாமதமின்றி அனுப்புதல் என்று வரிசை போகும். அம்மா நாள்தோறும் இருமுறை செய்வதையே மதிப்பீட்டாளர் நின்று பார்ப்பார், இடையிடையே கேள்வி கேட்பார். புள்ளி கிடையாது, ‘தேர்ச்சி பெற்றவர்’ அல்லது ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுதுவார். அந்த ‘இன்னும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள், விடுபட்ட அலகை மட்டும் பின்னர் செய்து காட்டலாம்.

இப்போதே சான்றுகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். சேகரிப்பு நிலையத்தின் பால் பற்றுச்சீட்டுகள், தடுப்பூசி அட்டைகள், அம்மா பிரசவம் பார்த்த மாடுகளின் சொந்தக்காரர்கள் இருவர் மூவரிடமிருந்து கடிதங்கள், கைபேசியில் எடுத்த படங்கள் எல்லாம் பயன்படும். மதிப்பீடு பட்டியிலேயே நடக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மதிப்பீட்டாளனாக இருந்த முதல் ஆண்டில், கையிலிருந்த தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே எதிரில் நின்ற மாட்டைப் பார்க்க மறந்த நாட்கள் எனக்கும் உண்டு.

கொட்டகலைக் கணக்கப்பிள்ளை:

பயிற்றுநர் ஐயா முறையை விளக்கினார். முறை பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மா கேட்டிருப்பது மூன்றாவது கேள்வி. அதற்குத் தோட்டத்துக்குள் நின்று விடை தேடினால் மனம் கசந்துபோகும்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவரை, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுகிறவரை, எண்ணிப் பாருங்கள். உயரமான மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஒரு செடி கவ்வாத்துக்கு வருகிறது. வேரில் மாப்பொருள் போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்று அயடின் தொட்டுப் பார்த்த பிறகே கத்தி வைக்க வேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் காலங்காலமாகச் சொல்லிவருவது. அந்த நிறுவகம் 1925இல் தொடங்கியது. வெட்டு சாய்வாக விழ வேண்டும், கிளை பிளக்கக் கூடாது, காய்ந்த கொப்பும் நோய் பிடித்த கட்டையும் மிச்சமிருக்கக் கூடாது. செடி பலவீனமாக இருந்தால், மூச்சுவிடுவதற்கென்று ஓரத்தில் இலையுள்ள கிளைகள் சிலவற்றை விட்டுவைக்க வேண்டும். இத்தனையும் செடிக்குச் செடி மாறும். ஒரு நாளில் இருநூறு செடிக்கு முன்னால் நின்று இருநூறு முறை தீர்மானம் எடுக்கிறவர் அவர். அவர் கை தவறினால் அந்தச் செடி அடுத்த சுற்று முழுவதும் அதைச் சுமக்கும்.

அவருக்கு என்ன சம்பளம்? குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் என்றும் 2024இல் 1350 ரூபாய் என்றும் ஆனபோது, நேற்றுக் கத்தி பிடித்தவருக்கும் முப்பது ஆண்டு கத்தி பிடித்தவருக்கும் அது ஒன்றாகவே ஆனது. கொழுந்திலோ கிலோக் கணக்குத்தான் பேசும். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் வைத்த அளவு குறைந்தால் அரைப்பேர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து, செடியின் மேல்மட்டம் கலையாமல் எடுத்த விரலுக்குத் தராசில் இடமில்லை. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்று உள்ள தோட்டங்களில் தணிக்கைக்கு வருகிறவர்கள் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்பார்கள், உடனே ஒரு நாள் பயிற்சி நடக்கும், கையெழுத்து வாங்கப்படும். திறமைக்குச் சம்பளப் படி ஒன்றை வைக்காமல் திறமையை அளக்க மட்டும் ஆள் அனுப்பினால், அளக்கப்படுகிறவர் எதற்காக ஒரு நாள் பேரை இழக்க வேண்டும்?

லிந்துலைப் பால் சேகரிப்பாளர்:

கணக்கப்பிள்ளை அண்ணன் சொல்வது தேயிலைக்குச் சரி. ஆனால் பாலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பாலுக்கு விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மப் பொருளையும் பார்த்தே கொடுக்கப்படுகிறது. ஆகவே வளர்ப்பவரின் கைத்திறன் ஒவ்வொரு நாளும் பணமாகவோ நட்டமாகவோ திரும்புகிறது. நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட உள்நாட்டு உற்பத்தி நிறைவுசெய்யாததால், நல்ல பால் கொண்டுவருகிறவரை எந்த நிலையமும் இழக்க விரும்பாது.

என் மேசைக்கு வரும் சிக்கல்களில் தண்ணீர் கலப்பது சிறியது. பால்மானி அதைக் காட்டிவிடும். பெரிய சிக்கல் மடிநோய். வெளியில் வீக்கமோ சூடோ தெரியாமல் உள்ளுக்குள்ளே நடக்கும் வகைதான் பால் வருமானத்தை அரிக்கிறது. நான்கு காம்பின் பாலையும் நான்கு குழியுள்ள தட்டில் தனித்தனியாகப் பிடித்துச் சோதனைத் திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கூழ்போலத் திரளும். இரண்டு நிமிட வேலை. எங்கள் பக்கத்தில் நூற்றில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் பிறகு வருவது இன்னும் மோசம். நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றியபின், மருந்தின் லேபலில் உள்ள நாட்கள் கழியும்வரை அந்த மாட்டின் பாலை அனுப்பக் கூடாது. ஒருவர் ஒரு வாளியை ஊற்றிவிட்டால் அன்றைய தாங்கி முழுவதும் வீண். வேண்டுமென்று செய்கிறவர்கள் மிகச் சிலர். மாட்டுக்கு ஏற்றியது என்ன மருந்து, எத்தனை நாள் என்று யாரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லாததால் செய்கிறவர்களே அதிகம்.

எனவே என்.வி.கியூ. நியமத்தில் இந்த இரண்டும் இருந்து, மதிப்பீட்டின்போது ஒழுங்காகக் கேட்கப்பட்டால், தாளின் பெறுமதியை விட்டுத்தள்ளினாலும் மதிப்பீடு நடக்கும் அந்த ஒரு மணி நேரமே பயனுடையது என்பது என் கருத்து.

பதுளை மாணவி:

விலங்கு விஞ்ஞானம் படிக்கிறேன். என் பாட்டியும் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் மாடு வளர்த்தவர். நியமங்களின் தமிழ் வடிவத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

பாடப்புத்தகத்தில் ‘செயற்கை முறைச் சினைப்படுத்தல்’ என்று படிக்கிறோம். லயத்தில் ‘ஊசி போடுறது’ என்பார்கள். தடுப்பூசிக்கும் அதே சொல்தான். ‘போன கிழமை ஊசி போட்டேன்’ என்று ஒரு பெண் சொன்னால், எந்த ஊசி என்று மேலும் ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர்தான் அவரிடம் பேச முடியும். ‘மடியழற்சி’ என்று கேட்டால் விழிப்பார்கள், ‘மடி கல்லு மாதிரி ஆச்சா?’ என்று கேட்டால் எந்தக் காம்பு, எந்த வேளை என்பதுவரை சொல்வார்கள்.

இவற்றை எல்லாம்விட எனக்கு வியப்பூட்டுவது ‘பால் காய்ச்சல்’ என்ற சொல். கன்று ஈன்ற ஓரிரு நாளில் இரத்தத்தில் கல்சியம் குறைவதால் வருவது அது. அதில் காய்ச்சலே இல்லை, உடல் வெப்பம் வழக்கமான 38.5 பாகை செல்சியசை விடக் குறையும். ஆங்கிலத்தில் வைத்த தவறான பெயரை நாம் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக்கொண்டோம். நோயை நேரில் பார்த்து அறிந்தவருக்கு அந்தப் பெயர் குழப்பத்தைத்தான் தரும், பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கோ எந்தக் குழப்பமும் இராது. மதிப்பீடு இந்த இருவரில் யாருக்குச் சாதகமாக முடியும் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் என்று கேட்பது போதாது, தோட்டத்துத் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து விக்டோரியாவுக்கு:

ஆஸ்திரேலியாவில் ஒரு பால்பண்ணையில் வேலை செய்கிறேன். இங்கே விவசாயத்துக்கு ஒரு பயிற்சித் தொகுப்பும் விலங்குப் பராமரிப்புக்கு வேறொரு தொகுப்பும் உண்டு. ஓர் அலகில் தேர்ச்சி பெற எந்த வேலையை எத்தனை முறை செய்து காட்ட வேண்டும், எத்தகைய சூழலில் செய்ய வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழியும் உண்டு. அதில் என் சான்றிதழைப் பெற்றபோது, என் பண்ணை முகாமையாளரின் கடிதமும் மருந்துப் பதிவேட்டில் என் கையெழுத்தும்தான் பெரிய சான்றுகளாக இருந்தன. மஸ்கெலியாவில் பன்னிரண்டு ஆண்டுகள் மாடு பார்த்ததற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாததால், அந்த ஆண்டுகள் கணக்கில் ஏறவே இல்லை. தாள் வீண் என்று சொல்கிற அண்ணன்மார் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நுவரெலியா மரக்கறிச் செய்கையாளர்:

மாட்டைப் பற்றிய பேச்சில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டிலிருந்தே 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எந்த மருந்தைப் பதிவுசெய்யலாம், எப்படி விற்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. ஆனால் கோவாவுக்கும் லீக்சுக்கும் மருந்தடிக்கக் கூலிக்கு வரும் பையனிடம் அவன் கற்றது என்ன என்று நான் உட்பட எவரும் கேட்பதில்லை. திறன் நியமம் கட்டாயமாக வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது அந்தத் தெளிகருவியைத் தோளில் போடும் இடம்தான்.

பொகவந்தலாவை மகன்:

எல்லோருடைய கருத்துகளையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கணக்கப்பிள்ளை ஐயா எழுதியதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மஸ்கெலியா அக்கா எழுதியதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். விண்ணப்பித்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். மாடு பருவத்துக்கு வந்ததை அம்மா கண்டுபிடித்து அறிவித்தாலும், ஊசி போடுகிறவர் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. இந்தச் சான்றிதழ் கிடைத்தால் அம்மாவே அதைச் செய்ய அனுமதி உண்டா?

ஓய்வுபெற்ற பயிற்றுநர், ஹட்டன்:

இல்லை, தம்பி. மாடு வளர்ப்புக்கான சான்றிதழ் அதற்கு அனுமதி ஆகாது. சினைப்படுத்துவோர் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள். விந்துக்குழாய்கள் திரவ நைதரசனில் மறை 196 பாகையில் இருக்க வேண்டும். வெளியே எடுத்தபின் 35 முதல் 37 பாகை வரையான வெந்நீரில் உருக்கித் தாமதமின்றிச் செலுத்த வேண்டும். பழகாத கை உள்ளே போனால் கருப்பை காயப்படும். நோய்க்குச் சிகிச்சை அளிப்பதும் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க மிருக வைத்தியர் சட்டத்தின் எல்லைக்குள் வருவது.

ஆனால் நேரம் தவறுவதில் அம்மாவின் பங்கு சிறியதன்று. மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். மற்ற மாடு மேலே ஏறினால் விலகாமல் நிற்கும் நிலை ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுவது பழைய விதி. ஆகவே மாடு கத்தத் தொடங்கியபின் அறிவிப்பதைவிட, சென்ற முறை குறித்த நாளிலிருந்து எண்ணி, 19ஆம் நாளிலேயே சொல்லி வைப்பது நல்லது. நாட்காட்டியில் புள்ளி வைப்பதாக எழுதியிருந்தீர்கள், அதற்குத்தான் அது. எங்கே தன் கையை நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதும் நியமத்தில் ஒரு தேர்ச்சியே. தண்ணீர்க்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்றின் முன்னங்கால் தெரியாவிட்டால், எத்தனை பிரசவம் பார்த்த கையானாலும் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தாக வேண்டும்.

பொகவந்தலாவை மகன்:

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மதிப்பீடு முடிந்தது. எங்கே, யார் என்பதை எழுதப்போவதில்லை. முதலில் பயிற்சி நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். மாட்டை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று நான் சொன்னபிறகு பட்டிக்கே வர ஒத்துக்கொண்டார்கள். வந்தவருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. உடன்வந்த இளைஞர் மொழிபெயர்த்தார். அம்மா ஒரு நாள் பேரை இழந்தார்.

கறவை, தீவனம், கன்றுப் பராமரிப்பு எல்லாம் நன்றாகவே போயின. கோ 3 புல்லை எந்த உயரத்தில் அறுப்பீர்கள், சீம்பாலை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார். ‘கன்று எழும்பி நிக்கிற நேரத்துக்குள்ள. நின்ட பிறகு மாடு குடுக்கட்டுமேன்னு இருந்தா, பலவீனக் கன்று செத்துப்போயிரும்’ என்றார் அம்மா. பதுளை அக்கா அஞ்சியது அப்படியே நடந்தது. ‘பால் காய்ச்சல் வந்த மாட்டை எப்படி அடையாளம் காண்பீர்கள்?’ என்று இளைஞர் கேட்க, ‘காய்ச்சல் வந்தா உடம்பு சுடும், மூக்கு காயும்’ என்று அம்மா சொல்லிவிட்டார். வந்தவர் தாளில் ஏதோ எழுதப் போனபோது நான் குறுக்கிட்டு, ‘கன்று போட்ட மறுநாள் எழும்பாத மாடு’ என்று சொன்னேன். ‘அதுவா? கழுத்தை மடிச்சு விலாவுல வச்சுக்கிட்டு கிடக்கும். காதைத் தொட்டா சில்லுனு இருக்கும். அதுல காய்ச்சல் ஏது? டொக்டர் வந்து நரம்புல மருந்து ஏத்தினா அரை மணி நேரத்துல எழும்பிரும்’ என்றார். மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். எழுத எடுத்த பேனாவைத் திரும்பவும் சட்டைப் பையில் வைத்தார். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும்.

ஓர் அலகு மட்டும் ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’: பதிவேடு பேணுதல். பதிவேடு எங்கே என்று கேட்டபோது அம்மா வெட்கப்பட்டு, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார்.

லிந்துலைப் பால் சேகரிப்பாளர்:

நாட்காட்டி என்ன ஆயிற்று?

பொகவந்தலாவை மகன்:

அதைக் காட்டலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அம்மா அதைப் பதிவேடு என்று எண்ணியதே இல்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர், ஹட்டன்:

பதிவேடு அச்சிட்ட புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. எந்த மாடு, எந்த நாள், என்ன நடந்தது என்ற மூன்றையும் குறித்தவரே விளக்கிச் சொல்ல முடிந்தால் அது பதிவுதான். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று அம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, பழைய நாட்காட்டிகள் எத்தனை கிடைக்கின்றனவோ அத்தனையையும் கட்டி எடுத்துப் போங்கள். தடுப்பூசி அட்டையிலுள்ள திகதிகளோடு குறிகள் பொருந்துவதை அம்மாவே விரல் வைத்துக் காட்டட்டும். நீங்கள் காட்டாதீர்கள்.

பொகவந்தலாவை மகன்:

வரும் செவ்வாய்க்கிழமை மீள்மதிப்பீடு. ஆறு நாட்காட்டிகள் கிடைத்தன. வட்டம் என்றால் ஊசி, வட்டத்துக்குள் புள்ளி என்றால் சினை பிடித்தது, இரட்டைக் கோடு என்றால் பால் அனுப்பக் கூடாத நாட்கள். கடைசிக் குறியைச் சேகரிப்பாளர் அண்ணன் எழுதியதைக் கேட்டபிறகு அம்மா இந்த ஆண்டுதான் சேர்த்திருக்கிறார். 2023ஆம் ஆண்டு நாட்காட்டி மட்டும் அடுப்படிக் கூரை ஒழுகியதில் நனைந்து, ஐப்பசி மாதத்துக்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அந்த மழையில் பிறந்த கிடாரியைத்தான் இப்போது கறக்கிறோம் என்பதால், அதன் பிறந்த நாளை அம்மா வாயால் சொல்லிக்கொள்வதாகச் சொல்கிறார்.